சிங்கத்தில் ஏறியிருந்தவள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது மூன்று, மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். எது யாருடைய பிள்ளை என்று வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கண்டது இரண்டாம் வகுப்பு மட்டும்தான். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கிற ஊரை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள்.

அப்படிப்பட்ட நான்தான் நியூசிலாந்தில் ஓக்லண்ட் நகரத்தின் நடுவில், கையால் எழுதிய பழைய புத்தகங்களை வைத்துக் காட்டுகிற கூடத்தில், தொண்ணூறுகள் முழுக்கக் காவல் நின்றேன். என் காவலில் ஒரு புத்தகத்திலும் ஒரு கீறல் விழவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

அறை பார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, போன மாதம் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "ராசம்மா அன்ரி, நாள் முழுக்க ஒரு மூலையில நிண்டு என்னத்தைச் செய்யிறது? எங்களுக்கு விசர் பிடிக்குது." கால் நோவுக்கு மருந்து கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன், அரை அளவு பெரிதாகச் சப்பாத்து வாங்குங்கள் என்று. நீங்கள் கேட்டதற்குப் பதில் கொஞ்சம் நீளம். ஆறுதலாகச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வரமுன்னம் நான் நகரத்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற இடத்தில் நின்றேன். பெல்ட்டில் வெங்காயம் ஓடிவரும். அழுகினதைக் கண்டவுடனே பிடுங்கிப் பின்னால் எறியவேண்டும். எனக்கு அதில் நல்ல பெயர். அந்தக் கண்ணையே இங்கேயும் கொண்டுவந்தேன். முதல் கிழமை, காலில் செருப்பில்லாமல் இரண்டு பிளாஸ்டிக் பையோடு ஒரு மனிதர் உள்ளே வந்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் நின்றால் நின்றேன், திரும்பினால் திரும்பினேன். கடைசியில் அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்லாக வேலை செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் மேற்பார்வையாளர் சமோவாக்காரர். கதவு அளவு ஆள். அவர் மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ராஸ்" என்றார். என் முழுப் பெயர் அவருடைய வாயில் நிற்காது. "முன்னம் என்ன வேலை செய்தாய்?"

சொன்னேன்.

"அங்கே கெட்டதைப் பொறுக்கி வெளியே போட்டால் சம்பளம். இங்கே வந்தவன் கடைசிவரை உள்ளே நிற்கவேண்டும், புத்தகமும் சுகமாக இருக்கவேண்டும். ரெண்டும் நடந்தால்தான் சம்பளம். முகத்தைப் பார்க்காதே. கையை மட்டும் பார்."

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்தது. மிச்சம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. அது தெரிய எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

பிறகு ஐரோப்பாவிலிருந்து அந்தப் புத்தகம் வந்தது. இரவலாக வந்தது, அடுத்த வருஷம் திரும்பிப் போகவேண்டும். பல நூறு வருஷத்துக்கு முன்னம், அச்சு வரமுன்னம், வேதக்காரத் துறவிகள் கன்றுத் தோலில் எழுதிப் படம் கீறின புத்தகம். மனிதரின் நல்ல குணத்தையும் கெட்ட குணத்தையும் பெண்களாகக் கீறியிருந்தார்கள். இடப்பக்கம் ஒரு கெட்ட குணம், வலப்பக்கம் அதற்கு எதிரான நல்ல குணம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒரு விரிப்பு, எதிரெதிரான இரண்டு பக்கம், மட்டும்தான் திறந்து கிடக்கும். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும் என்று சில கிழமைக்கு ஒருக்கால் பக்கம் புரட்டுவார்கள்.

புத்தகங்களுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அம்மா எங்களை எல்லாம் பெட்டியைச் சுற்றி நிற்கவைத்து விளங்கப்படுத்தினா. மெல்லிய ஆள், மெல்லிய குரல், ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கும்போது கன்னம் சிவந்துவிடும். முதல் விரிப்பில் வலப்பக்கம் தாழ்மை. வெறுங்காலோடு, சாம்பல் உடுப்போடு, கையில் ஒரு புறாவை ஏந்திக்கொண்டு நின்றாள். இடப்பக்கம் ஒரு சிங்கம். சிங்கத்தின் முதுகில் சிவப்பு உடுத்து, முடி சூடி, கையில் வாளை உயர்த்திக்கொண்டு ஒருத்தி. முடி, வாள்பிடி, உடுப்பின் கரை எல்லாம் அசல் பொன். நாங்கள் நடக்கிற நடைக்கு அந்தப் பொன் அசைகிற மாதிரி இருந்தது.

"இவள் அகங்காரம். கெட்ட குணங்களுக்கெல்லாம் மூத்தவள்" என்றா அந்த அம்மா.

என் காது அகங்காரம் என்று கேட்டது. என் கண் வேறொன்று சொன்னது. சிங்கத்தில் ஏறி வாள் பிடித்தவளுக்கு எங்கள் வீட்டுச் சாமி அறையில் என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மேற்பார்வையாளர் குனிந்து நல்லாகப் பார்த்தார். "ஞாயிறு தவறாமல் சபையில் இவளைப் பற்றித் திட்டித்தான் பிரசங்கம் கேட்கிறேன். இவ்வளவு வடிவு என்று ஒருத்தரும் சொல்லவில்லையே" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அந்த மாதம்தான் கமலா வந்தாள்.

முப்பது வயது இருக்கும். மழையில் நனைந்த தலை, தொழிற்சாலை உடுப்புக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. ஈஸ்ட் டாமாக்கியில் இராச் சுற்று வேலை முடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிற லோயரைப் பார்க்க வந்தவள். நேரம் கிடந்தபடியால், காசில்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்று குளிருக்கு ஒதுங்கினாள். பெட்டியைக் கண்டாள். நின்றாள். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து கை கூப்பினாள்.

நான் கையைப் பார்த்தேன். கூப்பின கை கண்ணாடியில் படவில்லை. படாத கைக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

போகும்போது என் முகத்தைப் பார்த்து, "அக்கா யாழ்ப்பாணமோ?" என்றாள்.

"ஓம்."

"அம்மாளாச்சி இஞ்சையும் வந்திருக்கிறா" என்றாள். அது கேள்வி இல்லை. அவள் என்னிடம் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலிந்து பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "கவனமாப் போ பிள்ளை, வெளியில வழுக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரா வேலை முடிந்த காலைகளில் வந்துகொண்டிருந்தாள். இடைவேளைக்கு நான் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நீள மர வாங்கில் பக்கத்தில் வந்து இருப்பாள். துண்டு துண்டாகக் கதை வந்தது. புருஷனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. ஆறு வயது மகளைக் கொழும்பில் மாமியோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இங்கே அகதி என்று கேட்டதற்கு முதல் விசாரணையில் இல்லை என்றுவிட்டார்கள். இனி அப்பீல். அதிலும் இல்லை என்றால் திரும்பிப் போகவேண்டியதுதான், மகளை இங்கே கூப்பிடுகிற கதையும் அதோடு முடிந்தது.

"ஏனாம் இல்லை எண்டவை?" என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லுறனாம். முகத்தைப் பாக்காமல் நிலத்தைப் பாத்துக் கதைச்சனாம். கேட்டதுக்கு மெல்லமாப் பதில் சொன்னனாம். அதால நம்பேலாதாம்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பெரிய அதிகாரி அக்கா. வயசானவர். அவரின்ரை மூஞ்சையை நேர பாத்துக் கதைக்க என்ரை அம்மா என்னை அப்பிடியோ வளத்தவ?"

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது விளங்கும். பெரியவர்களுக்கு முன்னால் பார்வையைத் தாழ்த்துவது எங்களுக்கு மரியாதை. இங்கே அது கள்ளத்தின் அடையாளம். அந்த ஒரு பார்வைக்குள் அவளுடைய பிள்ளை அகப்பட்டுப்போய் நின்றது.

ஒருநாள் அவள் ஹில்ஸ்பரோவில் தான் இருக்கிற வீட்டு வேலியில் பூத்த செவ்வரத்தம்பூ ஒன்றோடு வந்தாள். கையில் கடதாசியில் மடித்த குங்குமச் சரையும் இருந்தது. நான் அடுத்த அறையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வழி காட்டிவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குள் கண்ணாடியில், சிங்கத்தின் காலுக்கு நேரே, குங்குமம் வைத்துவிட்டாள். பூவும் பெட்டியின் மேல் கிடந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு கனவான் பாவம், உதவி செய்கிற எண்ணத்தில் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார். நான் கையை நீட்டி மறித்தேன். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். பதற்றத்தில் எல்லாருக்கும் துடைக்கத்தான் வரும். துடைத்தால் பொடி கண்ணாடி மூட்டுக்குள் இறங்கும். இறங்கினால் புத்தகத்துக்குப் போகும். ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் அந்த நேரத்தில் வேலை. நான் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். புத்தக அம்மா வந்து தன் தூரிகையால் ஒரு துகள் விடாமல் எடுக்கும்வரை நகரவில்லை.

எடுத்து முடித்ததும் கமலாவை நோக்கி விரலை நீட்டினா. "இந்தப் பெண் இனி உள்ளே வரக்கூடாது" என்றா.

அதில் பிழை சொல்ல முடியாது. புத்தகம் இரவல், பழி அவவுடைய தலையில் விழும். கமலாவுக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை, ஆனால் விரல் தன் பக்கம் நீண்டது விளங்கிற்று. சுவரோடு ஒட்டி நின்றாள். நிலத்தைப் பார்த்தாள். குற்றவாளி என்று படம் கீறுகிறவன் அப்படித்தான் கீறுவான்.

நான் சொன்னேன், "இவளுடைய கைக்கு நான் பொறுப்பு."

அம்மாவோடு வந்திருந்த மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "இன்னொரு முறை நடந்தால், ராஸ், நீயும் அவளோடு சேர்ந்துதான் வெளியே போவாய். தெரிந்துதானே கதைக்கிறாய்?"

"தெரிந்துதான்."

வீட்டு வாடகையில் பாதி என் சம்பளத்தில்தான் போனது. தெரியாமல் சொல்லவில்லை.

கமலாவை வாங்குக்குக் கூட்டிப்போனேன். "இனிப் பூ கொண்டு வா. ஆனால் பெட்டியில வைக்கிறேல்ல. என்னட்டைத் தா. என்ரை பொக்கெட்டில கிடக்கட்டும். நான் நாள் முழுக்க அவவுக்கு முன்னால தானே நிக்கிறன். குங்குமம் வீட்டோட."

முதல் முதலாக அவள் சிரித்தாள். "அக்கா நடமாடுற கோயில்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வந்த நாளெல்லாம் என் யூனிஃபோர்ம் பொக்கெட்டில் ஒரு சிவப்புப் பூ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மேற்பார்வையாளர் கண்டுவிட்டுக் கிட்ட வந்தார். இப்போது ஏச்சு விழும் என்று நினைத்தேன். "எங்கள் ஊரில் இதைக் காதில் வைப்போம். பொக்கெட்டில் வைத்து வீணாக்குகிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பீல் நாள் வந்தது. அதற்கு முதல்நாள் விடிய கமலா வந்தாள். இரா வேலை முடித்த கண், சாப்பிடாத வாய். "நாளைக்கு இந்த நேரம் விசாரணை அறைக்குள்ள இருப்பன் அக்கா" என்றாள். பூவை என்னிடம் தந்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள்.

அன்று கூட்டம். ஒரு தமிழ்ப் பெடியன், இந்தியாவிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்தவன், முதுகில் பையோடு பெட்டியைச் சுற்றி வந்தான். கமலா கும்பிடுவதைக் கண்டான். கெட்டவன் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

"அக்கா, இது சாமி இல்லக்கா" என்றான் சிரித்துக்கொண்டே. "போர்டுல போட்டிருக்கு பாருங்க. அகங்காரமாம். கிறிஸ்டியன்ஸ்ல இது பெரிய பாவம். நீங்க பாட்டுக்கு விழுந்து கும்பிடுறீங்க."

கமலா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி சொல்லுறது மெய்யோ?"

பிள்ளைகளே, இந்த வேலையில் தண்ணி ஒழுகின நாள், நெருப்பு மணி அடித்த நாள் எல்லாம் கண்டிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதன்படி செய்தால் சரி. இதற்கு ஒருவரும் ஒழுங்கு எழுதி வைக்கவில்லை. அவன் விசரன் என்று சொல்ல ஒரு வாய் போதும். நாளைக்கு விசாரணை, இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்று உங்களுக்குப் படும். எனக்கும் பட்டது. ஆனால் நாளைக்கு மெய் சொல்லி நம்பவைக்கப் போகிறவளை இன்றைக்குப் பொய்யால் தேற்றி அனுப்ப என்னால் முடியவில்லை. இப்போது அவள் கேட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில் இருக்கவேண்டும்.

"மெய்தான்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சும் சொல்லேல்ல."

"நீ கேக்கேல்ல பிள்ளை."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "இவ்வளவு நாளும் நான் ஆரைக் கும்பிட்டனான்?" என்றாள். "பாவத்துக்கோ பூ வைச்சனான்? அதுதான் எனக்கு ஒண்டும் சரிவரேல்ல. நான் நாளைக்குப் போகேல்ல அக்கா. போயும் என்ன. லோயருக்குச் சொல்லிவிடுங்கோ."

பெடியனின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, நான் சும்மாதாங்க சொன்னேன்" என்றான்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. இப்ப ஒரு உதவி செய். அந்தக் குழாயில ஒரு கப் தண்ணி பிடிச்சுக் கொண்டு வா. பெட்டிக்குக் கிட்டக் கொண்டுவராதை, வாசல்ல நில்லு" என்றேன். கூச்சப்படுகிறவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அறையில் ஒரு சத்தம் குறையும். இதையும் மனதில் வையுங்கள்.

சத்தம் கேட்டுப் புத்தக அம்மா வந்தா. கமலா நிலத்தில் இருப்பதைக் கண்டதும் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தா. துப்புரவாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தா. நான் என் உடைந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் சிங்கத்தில் வருகிறவள் யார், நாளைக்குக் கமலாவுக்கு என்ன, பிள்ளை எங்கே, எல்லாம்.

அந்த அம்மா என்ன செய்தா தெரியுமா? தன் வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் கமலாவுக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்தா. "நான் பொய் சொல்லமாட்டேன்" என்று மெல்லச் சொன்னா. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவ தொடர்ந்தா. "இதைக் கீறினவர்களுக்கு இவள் கெட்டவள்தான். ஆனால் இங்கே வா, உனக்கு ஒன்று காட்டவேண்டும்."

கமலாவின் கையைப் பிடித்து எழுப்பிப் பெட்டியின் வலப்பக்கம் கூட்டிப்போனா. சட்டைப் பையிலிருந்து பெருப்பித்துக் காட்டுகிற கண்ணாடியை எடுத்துக் கொடுத்தா. "தாழ்மையின் நெஞ்சைப் பார். புறாவுக்கு மேலே."

கமலா பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். நானும் பார்த்தேன். தினமும் முன்னால் நிற்கிற நான் அதுவரை காணாத ஒன்று. அந்தச் சாம்பல் உடுப்பில், நெஞ்சு இருக்கிற இடத்தில், மங்கலாக ஒரு பொன் தீற்று. சித்திரக்காரன் வைத்தது இல்லை. கரை கலங்கி, தடவிவிட்ட மாதிரி இருந்தது.

"புத்தகம் மூடியிருக்கும்போது இந்த இரண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள்" என்றா அம்மா. "பல நூறு வருஷம் அப்படித்தான் கிடந்தார்கள். அவளுடைய வாள்பிடியின் பொன்னில் கொஞ்சம் இவளில் ஒட்டிவிட்டது. இதை எடுக்கவேண்டுமா என்று ஒருமுறை யோசித்தார்களாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எடுத்தால் இவளும் கிழிந்துபோவாள்."

சொல்லிவிட்டு அவ ஒரு அடி தள்ளி நின்றா. அவவுடைய வேலை அவ்வளவுதான், உள்ளதைக் காட்டினா. மிச்சம் என்னுடையது.

நான் கமலாவைத் தாழ்மைக்கும் அகங்காரத்துக்கும் நடுவில் நிற்கவைத்தேன்.

"இஞ்ச பார். நீ முதல் விசாரணைக்கு இந்த ரெண்டு பேரில ஆராய்ப் போனனீ?"

கமலா திரும்பி, வெறுங்காலோடு குனிந்து நின்ற தாழ்மையைப் பார்த்தாள்.

"அப்பிடிப் போனதால உன்னை நம்பேல்ல. குனிஞ்சது பிழையில்ல. உன்ரை கொம்மா பிழையா வளக்கேல்ல. ஆனால் அந்த அறைக்குள்ள அது மட்டும் காணாது. இந்தப் புத்தகத்தைச் செய்தவைக்கு அவ கெட்டவ. அவையள் மடத்துக்குள்ள பசியில்லாமல் இருந்தவை, அவையளுக்கு எடுப்புத்தான், இந்த அகங்காரந்தான், கூடாத வருத்தம், பெரிய நோய். உனக்கு அந்த வருத்தம் இல்லை. உனக்கு அதில ஒரு துளி மருந்துக்குத் தேவை. இவ்வளவு நாளும் நீ அவவைக் கும்பிட்டது வீண் போகேல்ல. நாளைக்கு அவ சிங்கத்தில இருக்கிற மாதிரி நிமிந்து இரு. அவையின்ரை முகத்தைப் பார். உன்ரை புருஷனுக்கு நடந்ததை அவையின்ரை கண்ணைப் பாத்துச் சொல்லு. நிலத்துக்குச் சொல்லாதை. நிலம் தீர்ப்பெழுதாது."

"மரியாதை இல்லாத மாதிரி இருக்குமே அக்கா."

"இருக்கட்டும். வெளியில வந்த பிறகு மரியாதையாய் இரு. என்னைப் பார். இப்ப என்னைப் பாத்து உன்ரை பேரைச் சொல்லு."

"கமலா."

"என்னைப் பாக்கேல்ல. என்ரை பொக்கெட்டில கிடக்கிற பூவைப் பாக்கிறாய்."

தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்ற பெடியன் சிரித்துவிட்டான். கமலாவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேரே பார்த்தாள். எடுத்த எடுப்பில் ஒரு விநாடி, பிறகு விழுந்துவிட்டது. திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். புத்தக அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். வாசலுக்குப் போய்ப் பெடியனைப் பார்க்கச் சொன்னேன். அவன்தான் பார்வையைத் தாழ்த்தினான். மேற்பார்வையாளர் வந்தார், என்ன நடக்குது என்று கேட்டார், சொன்னோம். அவர் தன் பெரிய உடம்பை ஒரு கதிரையில் இறக்கிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சொல்லு பார்ப்போம்" என்றார். அவள் தமிழில் சொன்னாள். அவருக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. அவள் முகத்தை எடுக்காமல் சொல்லி முடித்தாள். அவர் எழும்பி மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அடுத்தநாள் நான் வேலையில் நின்றேன். அன்று விடிய, கூட்டம் வரமுன்னம், பக்கம் புரட்டுகிற நாள். புத்தக அம்மா இரண்டு கையாலும் தோலைத் தூக்கி மெல்லப் புரட்டினா. சிங்கமும் வாளும் பொன்னும் உள்ளே போயின. பொறுங்கோ, இன்னும் ஒருநாள் விடுங்கோ என்று கேட்கலாமா என்று மனம் உன்னினது. கேட்கவில்லை. வெளிச்சம் ஆளுக்கு ஆள் பார்த்துத் தின்னாது. ஆளுக்காக ஒழுங்கை வளைக்கலாம், புத்தகத்தின் உயிரில் கைவைக்கிற ஒழுங்கை மட்டும் வளைக்கக்கூடாது. இது என் கணக்கு. இதில் நான் இன்றைக்கும் மாறவில்லை.

பின்னேரம் கமலா வந்தாள். சேலை உடுத்திருந்தாள். கழுத்து நேராக இருந்தது. நேரே பெட்டிக்குப் போனாள், நின்றாள்.

சிங்கம் இல்லை. இடப்பக்கம் தலைவிரி கோலமாக ஒருத்தி, தன் வாளைத் தானே நெஞ்சில் குத்திக்கொண்டு விழுகிறாள். வலப்பக்கம் இன்னொருத்தி, உடைந்த அம்பும் ஈட்டியும் காலடியில் கிடக்க, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறாள்.

"எங்கை அவ?"

"உள்ளுக்க. முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. மூண்டு பேர் இருந்தவை. மூண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தன். ஒருத்தர்தான் குனிஞ்சவர்." சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "முடிவு சொல்ல மாசக்கணக்கு ஆகுமாம்." பிறகு வலப்பக்கத்தவளைக் காட்டினாள். "இது ஆர் அக்கா?"

"அது கோபம். தன்னைத் தானே குத்திக்கொண்டு சாகிறா. இது பொறுமை."

கமலா வலப்பக்கத்தைக் கனநேரம் பார்த்தாள். "சரியான ஆளைத்தான் திறந்துவைச்சிருக்கிறியள்" என்றாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. கும்பிடவும் இல்லை. ஒரு அயல்வீட்டுக்காரியைக் கண்ட மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்த நாளெல்லாம் அவள் படத்தின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நின்றாள்.

அந்தப் புத்தகம் திரும்பிப் போய்ப் பெட்டியில் பழைய கடல் வரைபடம் ஒன்று வந்து கிடந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை, கமலா ஒரு சின்னப் பெட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெட்டைக்கு முன்பல் இரண்டும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பதில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பெட்டை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதையோ காட்டக் கூட்டி வந்தனீங்கள்?" என்றது.

"இதில்ல. முந்தி இதுக்குள்ள ரெண்டு பேர் இருந்தவை" என்றாள் கமலா.

"ஆர்?"

"ஒருத்தி நிமிந்து இருந்தவ. ஒருத்தி குனிஞ்சு நிண்டவ. ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டு இருந்தவை. ராசம்மா அன்ரிக்கு வணக்கம் சொல்லு."

பெட்டை கை கூப்பினது. நிலத்தைப் பார்த்துக் கூப்பினது. தாய் விரலால் அதன் நாடியைத் தொட்டு முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். கூப்பின கை கூப்பினபடி, கண் என் கண்ணைப் பார்த்தது. அதுதான் சரியான அளவு. அந்த அளவு ஒரு படத்திலும் நான் கண்டதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாள் முழுக்க மூலையில் நின்று என்ன செய்வது என்று கேட்டீர்கள். கையைப் பாருங்கள். கேட்டால் மெய் சொல்லுங்கள். கேட்காதவரை விடுங்கள். ஆரையும் அழுகின வெங்காயம் என்று பிடுங்கி எறியாதீர்கள். நீங்கள் நிற்கிற மூலை சின்ன மூலை இல்லை, அதில் நிமிர்ந்து நில்லுங்கள். என்னை எடுப்புப் பிடித்தவள் என்று சொன்னவர்கள் இந்த ஊரில் உண்டு. சொல்லட்டும். அளவோடுதான் வைத்திருக்கிறேன்.

சரி என்ரை பேத்திப் பிள்ளை, எழுதினது காணும். கை நோகுதோ? இனி முதலிலிருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பிழை இருந்தால் நான் சொல்லுவன். உப்பிடி மேசைக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு இல்லை. நிமிந்து இரு. என்ரை முகத்தைப் பாத்துப் பாத்து வாசி.